நண்பர் மீதும் ஒற்றா?
கண்டி கண்ட பழைய பாடமும் உலகம் கற்கும் புதிய பாடமும்

அலவத்துகொடவிலிருந்து கண்டி மாநகருக்குப் பஸ் ஏறுவோர், அக்குறணையைக் கடந்து, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் வழியே மகாவலியைத் தாண்டுவர். அப்பாலத்துக்கு அணித்தே ஆற்றங்கரையில் வட்டபுளுவ என்னும் இடம் இருக்கின்றது. இன்று வீடுகள் நிறைந்து விளங்கும் அவ்விடத்தில், 1803-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே ஒரு துயர நாடகம் நிகழ்ந்தது. கண்டியில் சரணடைந்த ஆங்கிலப் படையொன்று, மேஜர் டேவி என்பவரின் தலைமையில் திருகோணமலை நோக்கிப் புறப்பட்டு, ஆறு பெருக்கெடுத்தமையால் அக்கரைக்குச் செல்ல மாட்டாது அங்கே தங்கிற்று. அவர்களோடு முத்துசாமி என்பவரும் இருந்தார். சில மாதங்களுக்கு முன்னர் அவரைக் கண்டிக்கு அரசர் என அமர்த்தியவர்கள் ஆங்கிலேயரே. “அவரை எம்மிடம் தந்துவிடுங்கள்” எனக் கண்டியார் கேட்டனர். தம்மை நம்பி வந்தவரைத் தம் கையாலேயே ஒப்படைத்தனர் ஆங்கிலேயர். முத்துசாமி கொல்லப்பட்டார். அதன் பின்னரும் அப்படை தப்பவில்லை. படையினருள் மிகப் பெரும்பாலோர் அக்கரையிலேயே மாண்டனர்.

நட்பு, இரகசியம், துரோகம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கி வாழ்பவை என்பதற்கு அந்த ஆற்றங்கரை சாட்சி. அண்மையில் வகுப்பறையில் மாணவர் ஒருவர் எழுப்பிய வினா இந்நிகழ்ச்சியை நமக்கு நினைவூட்டிற்று. “பகைவரை ஒற்றறிவது சரி, நட்பு நாட்டுத் தலைவரின் பேச்சையும் ஒட்டுக்கேட்கலாமா? கேட்டது வெளிப்பட்டால் யார் பொறுப்பு?” என்று அவர் வினவினார். மணி அடித்துவிட்டது, விடை முற்றுப்பெறவில்லை. எஞ்சிய விடையை இப்பக்கத்திலே சொல்ல முயல்கின்றோம்.

டொயிலியின் நாட்குறிப்பு

கண்டி இராச்சியம் வீழ்ந்த வரலாற்றைப் படிப்போர் பீரங்கிகளையும் படைகளையும் பற்றியே பெரிதும் அறிவர். ஆனால் 1815-ஆம் ஆண்டிலே ஆங்கிலப் படை மலையேறி வந்தபோது, எதிர்த்து நின்றோர் மிகச் சிலர். போர் நிகழுமுன்னரே வெற்றி ஏறத்தாழ முடிவாகிவிட்டிருந்தது. அவ்வெற்றிக்கு வழி வகுத்தவர் ஜோன் டொயிலி என்னும் சிவில் உத்தியோகத்தர்.

டொயிலி இளமையிலேயே இலங்கைக்கு வந்து, மாத்தறையிலே கரதொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் பயின்றார். 1805-ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளரானார். மொழிபெயர்ப்பாளர் என்ற பெயருக்குள்ளே மறைந்திருந்தது வேறொரு தொழில். எல்லை கடந்து வணிகஞ் செய்வோர், விகாரைகளுக்கிடையே செல்லும் துறவியர், ஊர்த் தலைவர்கள் எனப் பலரும் அவரிடம் செய்தி கொணர்ந்தனர். அரசர் எங்கே தங்கியிருக்கின்றார், எந்தப் பிரதானி மீது அவருக்குச் சினம், எவர் மனம் மாறக்கூடியவர் என்பவற்றையெல்லாம் அவர் நாள்தோறும் குறித்து வைத்தார். 1810 முதல் 1815 வரையிலான அந்த நாட்குறிப்பு 1917-ஆம் ஆண்டில் கொட்றிங்டன் என்பவரால் பதிப்பிக்கப்பட்டது. ஓர் இராச்சியத்தின் உள்வீட்டு இரகசியங்கள் அயலார் மேசையில் எவ்வாறு குவிந்தன என்பதை அந்நூலில் இன்றும் காணலாம்.

அக்காலத்திலே ஆங்கிலேயருக்கும் கண்டிக்குமிடையே முறையான சமாதான உடன்படிக்கை இல்லை; எனினும் வெளிப்படையான போரும் இல்லை. ஆகவே அரசர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனை ஆங்கிலேயர் ஒற்றறிந்ததைப் பகை நாட்டை ஒற்றறிந்த செயலெனக் கொள்ள இடமுண்டு. நம் மாணவரின் வினாவுக்குரிய நிகழ்ச்சி அதற்குப் பின்னரே தொடங்குகின்றது.

“நண்பன்” என்ற பட்டம்

கண்டியின் முதன் மந்திரியாக விளங்கிய எஹெலப்பொல, 1814-ஆம் ஆண்டில் அரசரோடு பகைத்து ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். அதற்குத் தண்டனையாக அவருடைய மனைவியும் மக்களும் கண்டியில் கொல்லப்பட்டனர். கேட்போர் நெஞ்சை இன்றும் உருக்கும் கதை அது. மறு ஆண்டு அவர் ஆங்கிலப் படைக்குத் துணையாக மீண்டார். 1815 பெப்ரவரி 18-ஆம் நாள் அரசர் சிறைப்பட்டார். மார்ச் 2-ஆம் நாள் மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபத்தில் கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. அரசரின் உறவினரான ஆண்கள் இம்மலைநாட்டுக்குள் நுழைதலாகாதென்றும் அதில் விதிக்கப்பட்டது. நாயக்கர் மரபினரான அரசர் வேலூரில் சிறையிருந்து, 1832-ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கேயே மறைந்தார்.

வெற்றிக்குப் பின்னர் எஹெலப்பொலவுக்கு உயர்ந்த பதவியொன்றை அளிக்கத் தேசாதிபதி பிரவுண்றிக் முன்வந்தார். எஹெலப்பொல அதனை ஏற்கவில்லை. “பிரித்தானிய அரசாங்கத்தின் நண்பன்” என்று அழைக்கப்படுதலே போதும் என்றார். அவ்வாறே அவர் அழைக்கப்பட்டார். ஆனால், கண்டியில் வதிவிடப் பிரதிநிதியாக அமர்ந்த டொயிலியின் கண்களும் காதுகளும் இப்போது நண்பரின் பக்கம் திரும்பின. பிரதானிகளின் வீட்டுக்கு எவர் வருகின்றார், எவர் போகின்றார், என்ன பேசுகின்றனர் என்பன அரசாங்கத்துக்கு எட்டிக்கொண்டேயிருந்தன.

1817-ஆம் ஆண்டில் ஊவா வெல்லசையிலே கிளர்ச்சி மூண்டது. எஹெலப்பொலவின் மைத்துனரான கெப்பெட்டிபொல கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். ஐயம் முற்றிற்று. 1818-ஆம் ஆண்டில் எஹெலப்பொல கைது செய்யப்பட்டுக் கொழும்பில் காவலில் வைக்கப்பட்டார். ஆண்டுகள் சென்றன, நீதிமன்றத்திலே அவர் மீது வழக்கொன்றும் நடைபெறவில்லை. 1825-ஆம் ஆண்டில் மொரிசியஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார். 1829-ஆம் ஆண்டில் அங்கே இறந்தார். அவருடைய வளவு கண்டி நகரில் இன்றும் நிற்கின்றது. அவரைக் கண்காணித்த டொயிலி 1824-ஆம் ஆண்டிலே கண்டியில் மறைந்து, தலதா மாளிகைக்கு அண்மையிலுள்ள ஆங்கிலேயர் மயானத்தில் உறங்குகின்றார். ஒற்றறிந்தவர் இந்த மண்ணில். ஒற்றறியப்பட்டவர் அந்நிய மண்ணில். விதியின் விளையாட்டு இதுவே போலும்!

எஹெலப்பொல உண்மையிலேயே கிளர்ச்சிக்குத் துணை நின்றாரா? வரலாற்றாசிரியர் தத்தம் கருத்தைக் கூறுவர். நாம் கேட்பது வேறொன்று. அவர் மீது வந்த செய்திகளைப் பரிசோதித்தவர் யார்? செய்தி சேர்த்தவரும் அரசாங்கம், குற்றஞ் சாட்டியதும் அரசாங்கம், தண்டித்ததும் அரசாங்கம். தேசாதிபதி இலண்டனிலுள்ள மந்திரிக்குக் கடிதம் எழுதுவார்; அது கப்பலேறிச் சேரப் பல மாதங்கள் செல்லும். மலைநாட்டு மக்கள் எழுந்து நின்று, “எங்கள் தலைவர் செய்த குற்றம் யாது?” எனக் கேட்பதற்கு ஒரு சபையும் இல்லை. நண்பரை ஒற்றறிந்ததைக் காட்டிலும், அதற்குக் கணக்குக் கொடுக்க எவருமில்லாமையே பெருங்குறை என்பது நம் துணிபு.

வள்ளுவர் காட்டும் வழி

ஒற்றே ஆகாது என்று சொல்லிவிட நம் மரபு இடந்தரவில்லை. கௌடில்யர், துறவி வேடத்தினரையும் வணிக வேடத்தினரையும் ஒற்றராக அமைக்கும் முறையை விரிவாகக் கூறுகின்றார். டொயிலிக்குப் பல நூற்றாண்டு முந்திய பாடம் அது. வள்ளுவப் பெருந்தகையும் பொருட்பாலிலே ‘ஒற்றாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றார். அங்கே அவர், பகைவரை மட்டுமன்றி, அரசன்கீழ்த் தொழில் செய்வாரையும் அவனுடைய சுற்றத்தாரையும் ஆராய்வதே ஒற்று எனக் கூறுகின்றார். அவ்வளவில் நின்றால், நண்பரை ஒற்றறிதற்கு வள்ளுவரே சான்று தருகின்றார் என எவரும் வாதிடலாம்.

ஆனால் அவ்வதிகாரத்தை முடியப் படித்தல் வேண்டும். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்த்தே கொள்ளுக என்கின்றார். ஒருவரை ஒருவர் அறியாதவாறு மூவரை ஆண்டு, அம்மூவர் சொல்லும் ஒன்றுபட்டால் மட்டும் நம்புக என்கின்றார். அதாவது ஒற்றுக்கும் ஒரு தணிக்கை உண்டு. மேலும் இவ்வதிகாரம் தனித்து நிற்பதன்று. செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் வகுத்துரைத்த பின்னரே ஒற்றாடல் வருகின்றது. காதுக்குக் கைப்பான சொல்லையும் பொறுத்துக் கேட்கும் பண்பே வேந்தனுக்கு அழகு என்பது அதற்கும் முன்னரே சொல்லப்பட்டது. பிறர் பேச்சை மறைந்து கேட்கும் அரசு, தன் குடிகள் வெளிப்படையாகப் பேசுவதையும் கேட்டல் வேண்டும் என்பதே இதன் கருத்தென நாம் கொள்கின்றோம்.

பெர்லினில் ஒரு தொலைபேசி

இனி நம் காலத்துக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகவர் நிலையத்துக்காகப் பணியாற்றிய எட்வர்ட் ஸ்னோடன் என்னும் இளைஞர், அந்நிலையத்தின் இரகசிய ஆவணங்களைப் பத்திரிகையாளரிடம் கொடுத்தார். அவ்வாண்டு அக்டோபரில், ஜெர்மனியின் அரசுத் தலைவி அங்கேலா மெர்க்கலின் கைத்தொலைபேசியும் அமெரிக்காவின் கண்காணிப்பில் இருந்ததென்ற செய்தி வெளியாயிற்று. இரு நாடுகளும் நேட்டோ என்னும் ஒரே இராணுவக் கூட்டணியைச் சேர்ந்தவை. நண்பருக்கிடையே ஒற்றறிதல் சற்றும் ஒவ்வாது என அந்த அம்மையார் வெளிப்படையாகவே கூறினார். ஜனாதிபதி ஒபாமாவுடன் தொலைபேசியிற் பேசியும் முறையிட்டார்.

2014 ஜனவரியில் ஒபாமா, நெருங்கிய நட்பு நாட்டுத் தலைவரின் உரையாடல்களை, தேசப் பாதுகாப்புக்கு இன்றியமையாத காரணமின்றிக் கண்காணிப்பதில்லை என அறிவித்தார். அவ்வாண்டிலே ஜெர்மன் பாராளுமன்றம் விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. அங்கேதான் கதை திரும்புகின்றது. குழு துருவித் துருவி ஆராய்ந்தபோது, ஜெர்மனியின் சொந்த ஒற்றுத்துறையும் நட்பு நாடுகளை ஒற்றறிந்திருந்தமை வெளிப்பட்டது. “நண்பருக்கு இது தகாது” என்று கூறிய அரசுத் தலைவியே 2017 பெப்ரவரியில் அக்குழுவின் முன் சாட்சி சொல்ல நேர்ந்தது. 2021-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அப்பணிக்கு அயல் நாடாகிய டென்மார்க்கின் ஒற்றுத்துறையே துணை செய்ததென்ற செய்தியும் வந்தது. ஊரிலே எல்லோர் வீட்டுச் சுவரிலும் காது இருந்தமை தெரியவந்தது!

ஆயினும் எஹெலப்பொலவின் காலத்துக்கும் இக்காலத்துக்கும் உள்ள வேற்றுமையை மாணவர் நோக்குதல் வேண்டும். நாட்டின் தலைவியை நாற்காலியில் அமர்த்தி, “நீர் அறிந்தது என்ன? எப்போது அறிந்தீர்?” என்று மக்கள் பிரதிநிதிகள் கேட்டனர். 2020 மே மாதத்திலே ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம், வெளிநாட்டில் வாழும் வெளிநாட்டவரையும் தம் நாட்டு ஒற்றுத்துறை விரும்பியவாறு ஒட்டுக்கேட்கலாகாது. அவர்களையும் அடிப்படை உரிமைகள் காக்கும் எனத் தீர்ப்பளித்தது. பொறுப்புக்கூறல் என்பது இதுவே.

பாரதத்தில் இரண்டு பதவிகள்

நமது அயல் நாடாகிய இந்தியாவிலே இப்பொருள் பற்றி இரண்டு பதவிகள் பறிபோயின. 1988-ஆம் ஆண்டில் கர்நாடக முதலமைச்சர் இராமகிருஷ்ண ஹெக்டே, தொலைபேசி ஒட்டுக்கேட்ட விவகாரத்தில் பதவி துறந்தார். ஒட்டுக்கேட்கப்பட்டோருள் அவருடைய கட்சியினரும் இருந்தனர் என்பதே அதன் கசப்பு.

மற்றது பிரதமர் பதவி. 1990 நவம்பரில் சந்திரசேகர், ராஜீவ் காந்தி தலைமையிலான காங்கிரஸ் கட்சியின் வெளி ஆதரவோடு அரசமைத்தார். 1991 மார்ச் தொடக்கத்திலே, ராஜீவ் காந்தியின் டில்லி இல்லத்தருகே ஹரியானாப் பொலிசார் இருவர் வேவு பார்த்தனரெனப் பிடிபட்டனர். எங்கள் ஆதரவில் நிற்கும் அரசு எங்கள் தலைவரையே வேவு பார்ப்பதா எனக் காங்கிரஸ் கொதித்தெழுந்தது. மார்ச் 6-ஆம் நாள் சந்திரசேகர் இராஜினாமாச் செய்தார். கூட்டணி கலையக் காத்திருந்தோர்க்கு இரு பொலிசார் ஒரு சாக்கு என்று கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், ஆதரவு தந்த நண்பரை வேவு பார்த்தான் என்ற பெயர் ஓர் அரசைக் கவிழ்க்கப் போதுமானதாயிற்று.

பதவி துறப்பது ஒருநாட் செய்தி. சட்டமே நிலைத்து நிற்பது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கிலே 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், தொலைபேசியை ஒட்டுக்கேட்பது அந்தரங்க உரிமையில் தலையிடுவது என்று கூறி, அதற்கு வேலியிட்டது. உள்துறைச் செயலாளர் எழுத்தில் ஆணையிட வேண்டும். ஆணை 2 மாதங்களுக்கே செல்லும். நீட்டித்தாலும் 6 மாதங்களுக்கு மேற்படலாகாது. மறுபரிசீலனைக் குழுவொன்று ஆராய வேண்டும் என்பன அவ்வேலியின் கால்கள். மூன்று ஒற்றர் சொல்லை ஒத்துப் பார்க்கச் சொன்ன வள்ளுவரின் கருத்து, சட்டத்தின் உருவில் மீண்டும் பிறந்தது போலும் என எண்ணத் தோன்றுகின்றது. ஆயினும், ‘பெகாசஸ்’ என்னும் ஒட்டுக்கேட்கும் மென்பொருள் பற்றி ஆராய அந்நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டில் நியமித்த குழுவுக்கு அரசாங்கம் ஒத்துழைக்கவில்லை என்பது 2022-ஆம் ஆண்டில் தெரிய வந்தது. வேலி இருந்தும், காவலாளி கதவைத் திறக்க மறுத்தால் என் செய்வது?

நம் வீட்டு முற்றத்தில்

இதுகாறும் ஒற்று மிகுந்தமையால் விளைந்த கேட்டைக் கண்டோம். ஒற்றர் சொல் இருந்தும் கேளாமையால் விளைந்த கேட்டை நாமே அனுபவித்தோம். 2019 ஏப்ரல் 21-ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தாக்குதல் பற்றிய எச்சரிக்கை ஏப்ரல் 4-ஆம் நாளிலேயே இந்தியாவிலிருந்து நம் அரச புலனாய்வுச் சேவைக்குக் கிடைத்திருந்தது. செய்தி இருந்தது, செயல் இல்லை. ஒரே அரசாங்கத்தில் இருந்த ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையே மனக்கசப்பு மூண்டிருந்தது. 2018 அக்டோபருக்குப் பின்னர் பிரதமர் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைக்கப்படவில்லை என்பதும் பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் விசாரணையில் வெளிவந்தது. நண்பரை ஒற்றறிவது ஒரு நோய் என்றால், ஒற்றறிந்த செய்தியைத் தம்மவரிடமிருந்தே மறைத்து வைப்பது அதன் உடன்பிறந்த நோய்.

உற்றாரை இழந்தோர் உட்படப் பலர் அடிப்படை உரிமை மனுக்களோடு உயர் நீதிமன்றத்தை நாடினர். 2023 ஜனவரி 12-ஆம் நாள் எழுவர் கொண்ட நீதியரசர் குழு தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும். முன்னாள் பொலிஸ் மா அதிபரும், அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவரும் ஏழரைக் கோடி வீதம். முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி. தேசிய புலனாய்வின் முன்னாள் தலைவர் ஒரு கோடி. மாண்டவரைப் பணம் மீட்டுத் தராது. ஆயினும், நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருந்தவரும் தம் சொந்தப் பணத்திலிருந்து விடை சொல்ல வேண்டும் என்ற தீர்ப்பு, தேசாதிபதிகளின் காலத்திலே கனவிலும் காணாத ஒன்று. மகுல் மடுவவில் கைகட்டி நின்று கேட்ட மக்களின் வழித்தோன்றல்கள், நீதிமன்றத்திலே மனுதாரராக நின்று கேட்டனர். இருநூறு ஆண்டுகளில் நாம் நடந்த தூரம் அது.

மாணவருக்கு ஒரு விடை

அன்று மணி அடித்தமையால் நின்ற விடையை இங்கே முடிப்போம். அரசுக்கு ஒற்று வேண்டும். நட்பு நாட்டையும் அரசுகள் ஒற்றறியவே செய்யும். அதனை முற்றாக ஒழிக்க எவராலும் இயலாது. ஆனால் மூன்று வினாக்களுக்கு விடை இருத்தல் வேண்டும். ஆணையிட்டவர் பெயர் எழுத்தில் உண்டா? கிடைத்த செய்தியை வேறொருவர் பரிசோதித்தாரா? தவறு நேர்ந்தால், பதில் சொல்லுமிடம் ஒன்று உண்டா? இம்மூன்றும் உள்ள இடத்தில் ஒற்று நாட்டைக் காக்கும் கருவி. இம்மூன்றும் இல்லாத இடத்தில், இன்று பகைவனுக்காக வைத்த காது நாளை நண்பன் வீட்டிலும், மறுநாள் நம் வீட்டிலும் வைக்கப்படும். ஐயத்துக்கு ஆளாவது எத்துணைத் துன்பம் என்பதை இம்மலைநாட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் கைத்தொலைபேசியை அவன் உறங்கும்போது எடுத்துப் பார்க்கும் தாய்தந்தையர் பலர். அக்கறையே அதற்குக் காரணம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் பார்ப்பதாயின் அவன் அறியப் பாருங்கள். ஏன் பார்க்கின்றீர்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் ஐயுற்றது பிழையாயின், “பிழை எம்முடையது” என்று ஒப்புக்கொள்ளுங்கள். அவ்வாறு வளர்ந்த பிள்ளை, நாளை அரசாங்கத்தைப் பார்த்தும் அதே நேர்மையை எதிர்பார்க்கும். கண்டியில் எஹெலப்பொலவின் வளவைக் கடந்து செல்லும்போது, அதன் கதையை ஒருமுறை அப்பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.